ஏழு வரிசைக் கீபோர்டு

மிக்சர் சாப்பிட்டுக்கொண்டே கீபோர்டில் தட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். ஒரு துகள் உள்ளே போனால் போதும், ஒரு எழுத்து அடிக்கிற இடத்தில் ஐந்து விழும். வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஸ்டேஷனில் நீங்கள் வெள்ளைத்தாளைக் கொடுத்து, நடந்ததை முதலிலிருந்து எழுது என்றீர்கள் சார். முதல் என்று பார்த்தால் இதுதான்.

என் பெயர் மதிவாணன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், மூன்றாம் வருஷம். அப்பா நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட், டவுன்ஷிப்பில் பத்தொன்பதாம் பிளாக்கில் குவார்ட்டர்ஸ். என் வயசுப் பையன்களுக்கு விளக்கு எரிகிற கேமிங் லேப்டாப் மேல் ஆசை. எனக்கு அதெல்லாம் திருவிழா சீரியல் செட். எனக்குப் பிடித்தது பழைய கறுப்பு திங்க்பேட் லேப்டாப் ஒன்றுதான், அதிலும் ஏழு வரிசைக் கீபோர்டு உள்ள கடைசி மாடல். அதற்குப் பின் வந்தவை எல்லாம் ஆறு வரிசை. அந்த ஒரு வரிசை போனதை என்னால் இன்றுவரை சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த மாடல் எங்கள் வகுப்புத் தமிழ்நிலாவிடம் இருந்தது. பக்கத்து ஊரான வடக்குத்துப் பெண். அவள் ஒன்பதாவது முடித்தபோது அவள் அப்பா கொளஞ்சிநாதன் கடலூரில் செகண்ட்ஹேண்டாக வாங்கிக் கொடுத்தது. மூடியில் பூனை ஸ்டிக்கர். மிக்சர் சாப்பிடுவதும் அவள்தான். முதல் வருஷம் அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. அவள் பெஞ்சுக்குப் பின்னாலேயே உட்கார இடம் பிடிப்பேன். சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிளாக் பிளாக்காகச் சுற்றினாலும் மனசு அடங்காது.

கொளஞ்சிநாதன் கான்ட்ராக்டில் இருந்தார். நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டின் உருளைகளைப் பழுது பார்க்கும் ஒரு தனியார் ஷெட்டில் வேலை. அங்கே வருகைப் பதிவு என்பது மேஸ்திரி கலியமூர்த்தியின் நீள நோட்டுதான். பெயரைப் பென்சிலில் எழுதுவார். பென்சிலில் எழுதினால் அழிக்கவும் வசதி. ஒருமுறை எட்டு நாள் அப்படிக் காணாமல் போனதாம். அன்றிலிருந்து கொளஞ்சிநாதன் ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது அன்றைய பக்கத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுவார். போனில் இடம் நிரம்பிவிடும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளின் லேப்டாப்பில் ஏற்றிவைப்பார். ஐந்து வருஷம் இப்படி நடந்தது.

போன ஆடியில் லாரியிலிருந்து உருளை இறக்கும்போது சங்கிலி அறுந்து அவர் இறந்துபோனார். சட்டைப் பையில் இருந்த போனும் நசுங்கிவிட்டது. அந்த ஆள் எங்களிடம் ஒரு வாரம்தான் வேலை பார்த்தார் என்று கான்ட்ராக்டர் தரப்பில் சொன்னார்கள். ஐந்து வருஷம் வேலை செய்ததை நிரூபித்தால் தமிழ்நிலாவின் அம்மா அம்சவல்லிக்கு மாதாமாதம் பென்ஷன் வரும். நிரூபிக்க இருந்தது அந்தப் போட்டோக்கள் மட்டும்தான். பிரிண்ட் போட்டுக் கொடுத்ததைப் போலி என்று சொல்லிவிட்டார்கள். அதனால் லேப்டாப்பையே கொண்டுவந்து, எந்தத் தேதியில் ஏற்றியது என்று விசாரணை அதிகாரி முன்னால் காட்ட வேண்டும், அதுவரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

விசாரணைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது லேப்டாப் சூடேறித் தானாக அணைய ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம்கூட ஓடவில்லை. கல்லூரியில் இதற்கெல்லாம் என்னிடம்தான் வருவார்கள். அவளும் வந்தாள். துப்பட்டாவில் சுற்றி, குழந்தையைக் கொடுப்பதுபோல் கொடுத்தாள்.

“ஃபேனை மட்டும் பாரு மதி. உள்ள இருக்கிறத தொட்றாத. எங்கம்மா அத்தத்தான் நம்பிக்கினு இருக்குது,” என்றாள்.

தொட மாட்டேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் எல்லோரும் குறிஞ்சிப்பாடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஃபேனில் பஞ்சுபோல் தூசி. அதைச் சுத்தம் செய்து, சூட்டைக் கடத்தும் பேஸ்டை மாற்ற நாற்பது நிமிஷம்தான் ஆனது. அதன்பின் லேப்டாப் அணையவே இல்லை. அதாவது, கேட்ட வேலை பத்தரை மணிக்கே முடிந்துவிட்டது. இதை நான் மறைக்கவில்லை.

பிறகு போட்டோக்களைப் பார்த்தேன். ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். எல்லாவற்றையும் பார்த்தேன் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்தேன். முக்கால்வாசிப் படங்களின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் இருந்தது, நகம் கறுத்துப்போய். அவர் பெயரைத் தெளிவாகப் படிக்க முடிந்தது. என்ன இருக்கிறது என்று தெரியாமல் அழித்துவிட்டேன் என்று உங்களிடம் முதலில் சொன்னது பொய்.

வெறுமனே அழித்தால் மீட்டுவிடலாம். அதனால் டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியம் எழுத வைத்தேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த நேரத்தில்தான் உட்கார முடியவில்லை. சைக்கிளில் பிளாக்கை மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்து எத்தனை சதவீதம் என்று பார்த்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி ஒரு சுற்று. எந்தச் சமயத்திலும் நிறுத்தியிருக்கலாம். முப்பதில் நிறுத்தியிருந்தால்கூடப் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

நூறு ஆனதும் அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு என்னுடைய புது டிஸ்க் ஒன்றை மாட்டினேன். பதினோரு நொடியில் திறந்தது. இதையும் எழுத வேண்டும் சார், அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை அவளிடம் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்து, பழைய டிஸ்க் தானாகவே போய்விட்டது, சூட்டில் அப்படி ஆவதுண்டு என்றேன். அவள் நம்பினாள். காரிடாரிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே, அந்தப் பழைய டிஸ்க்கையாவது கொடு என்று கேட்டாள். அதைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டிக் கொடுத்திருந்தால் இன்றைக்கு நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். சுத்தியலும் வீட்டில் இருந்தது. ஆனால் அது நல்ல டிஸ்க். ஒரு கீறல் இல்லை. நன்றாக ஓடுகிற ஒரு பொருளை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. பஞ்சு வைத்துச் சுற்றி, கவரில் போட்டுக் கொடுத்தேன்.

கடலூர் விசாரணையில் காட்ட ஒன்றும் இல்லை. ஒரு வாரம் வேலை என்றே முடிவாகிவிட்டது. அம்சவல்லி இப்போது அதே ஷெட்டில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போகிறார். கலியமூர்த்திதான் பெயர் எழுதுகிறாராம். டிஸ்க்கை வக்கீல் சென்னையில் அழிந்ததை மீட்டுக் கொடுக்கும் ஒரு கடைக்கு அனுப்பியிருக்கிறார். இது பழுதே இல்லை, யாரோ வேண்டுமென்றே துடைத்திருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

ஏன் என்று நீங்கள் நாலு முறை கேட்டீர்கள். தையிலேயே நான் தமிழ்நிலாவிடம் பேசியிருந்தேன். என் புது லேப்டாப்பை எடுத்துக்கொண்டு இதை எனக்குக் கொடு என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

“இந்தப் பழசு உனக்கு என்னாத்துக்கு மதி? கேஸ் முடியட்டும், நீயே வெச்சிக்க.”

விசாரணை மூன்று முறை தள்ளிப்போனது. நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜெயித்தால் எதிர்த்தரப்பு மேல்கோர்ட்டுக்குப் போகும், இன்னும் நாலு வருஷம் இழுக்கும், அதுவரை லேப்டாப்பை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று வக்கீல் சொன்னதாக அவளே சொன்னாள். நாலு வருஷம் மிக்சரோடு அந்தக் கீபோர்டு தாங்காது. தோற்றால் அன்றோடு முடியும். அதனால் முடித்துவைத்தேன்.

முடிவு வந்த மறுநாள் வடக்குத்துக்குப் போய்க் கேட்டேன். அவள் ஸ்டிக்கரைக்கூடப் பிய்க்காமல் எடுத்துக் கொடுத்தாள். பதிலுக்கு என் லேப்டாப்பைப் பெட்டியோடு கொடுத்தேன், சார்ஜர் உட்பட. மற்ற எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன் சார். புகாரில் திருட்டு என்று ஒரு சொல் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.