கேட்ட பிறகே அச்சிடப்படும்

குழம்பில் உப்பு சரியாக இருந்தால் எங்கள் அத்தைக்குப் பேச்சே வராது, ஃபாதர். சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் கை கழுவப் போய்விடுவார்கள். அது தெரிந்த பிறகுதான் நான் உப்பைக் கூட்டிப் போட ஆரம்பித்தேன்.

குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்திருப்பீர்கள். ஒத்தக்கடை பாக்கியமேரி டீச்சரின் மருமகள், ஜாய்ஸ். செய்த பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு என்றுதான் வந்தேன். ஆனால் இதில் எது பாவம், எது தொழில் என்று எனக்கே தெளிவாக இல்லை. முழுவதையும் சொல்லிவிடுகிறேன், நீங்களே பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமான பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே ஓர் ஆன்லைன் கடை தொடங்கினேன். காபி கப், டி-ஷர்ட், துணிப்பை. சரக்கு வாங்கி அடுக்க வேண்டியதில்லை. ஒரு படமோ வாசகமோ நான் ஏற்றி வைப்பேன். யாராவது கேட்டால்தான் திருப்பூரில் ஒரு கம்பெனி அதை அச்சடித்து அவர்கள் வீட்டுக்கே அனுப்பும். முதலில் கோபுரம், மல்லிகைப்பூ, ஜிகர்தண்டா டம்ளர் என்று படம் போட்டேன். அதே கோபுரத்தை ஊரே விற்றுக்கொண்டிருந்தது. என் சொந்த அக்கா மட்டும் ஒரு பை வாங்கினாள். அதையும் என் பிறந்தநாளுக்கு எனக்கே கொடுத்துவிட்டாள்.

கடை நடத்தச் சொல்லித்தரும் வீடியோக்களில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். வேறு யாரிடமும் கிடைக்காதது உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்றார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். எங்களிடம் அத்தை இருந்தார்கள்.

மிஷன் பள்ளியில் காலமெல்லாம் எட்டாம் வகுப்பை மேய்த்தவர்கள். திட்டினால் திட்டு வாங்கியவனே ரசிப்பான். ஒருநாள் காலையில் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அடுப்புல பாலு, கையில போனு. ரெண்டுல ஒண்ணு பொங்கத்தான செய்யும்" என்றார்கள். அதை அப்படியே ஒரு கப்பில் போட்டேன். கடைக்கு 'டீச்சர் சொன்னாங்க' என்று பெயர் மாற்றினேன். துபாயிலிருந்து ஒரு தம்பி தன் அறையில் இருந்த எல்லோருக்கும் சேர்த்துக் கேட்டார்.

அடுத்தது எப்போது என்று வாடிக்கையாளர்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள். பால் தினமும் தானாகப் பொங்காது, ஃபாதர். கொஞ்சம் உதவி செய்ய வேண்டியிருந்தது. உப்பைக் கூட்டினேன். அத்தையின் கண்ணாடியை எடுத்து அரிசி டின்னுக்குள் வைத்தேன். அவர்கள் பூசைக்குக் கிளம்பும் நேரமாகப் பார்த்து அவர்கள் சேலையை நனைத்துப் போட்டேன். அன்றைக்குக் கிடைத்ததுதான் "இம்புட்டு அறிவ வச்சுக்கிட்டு எம்புட்டு சிரமப்படுற தாயி." இன்றுவரை டி-ஷர்ட்டில் நன்றாக ஓடுவது அதுதான்.

நான் ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை. பொறுமை என்று சொல்லமாட்டேன், பொய் சொல்லக் கூடாது. பதில் பேசினால் அத்தை முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிடுவார்கள். தலை குனிந்து நின்றால் இரண்டாவது வாக்கியம் வரும். நல்லது எப்போதும் அதில்தான் இருக்கும். இது தெரியாமல் என் கணவர் ஜினோ அம்மாவிடம் சண்டை போட்டார். ஜெபக் கூட்டத்துப் பெண்கள் எனக்காக வேண்டிக்கொண்டார்கள். தவக்காலத்தில் நீங்களே பொறுமைக்கு எடுத்துக்காட்டாக இந்தப் பங்கில் ஒரு மருமகள் இருக்கிறாள் என்று பிரசங்கத்தில் சொன்னீர்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

அப்புறம் நாத்தனார் ஜெனிக்குக் கல்யாணம் கூடிவந்தது. சிம்மக்கல்லில் மொத்தக் கடை வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளை ஜெய்சன் தங்கமான பையன். அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாயிலிருந்து ஒரு சுடுசொல் வரவில்லை. உப்பை அள்ளிப் போட்டேன், "பரவாயில்ல தாயி, தண்ணி ஊத்திக்கிருவோம்" என்றார்கள். கண்ணாடியை ஒளித்தேன், "வயசாகுதுல்ல, நாந்தான் எங்கயாச்சும் வச்சிருப்பேன்" என்றார்கள். கிறிஸ்துமஸ் வியாபாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடையில் புதிதாக ஏற்ற ஒரு வரிகூட இல்லை.

நீங்கள் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தீர்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்றீர்கள். அப்போது எனக்கு எந்தத் தடையும் தெரியாது. உண்டாக்க வேண்டியிருந்தது.

பெண் பார்க்க வந்த அன்று சமையலறையில் அத்தை என் காதருகே வந்து, "மாப்ள வீட்டுக்காரவுக பஜ்ஜியத் தின்னுபுட்டு, தட்டையும் ஒரு பார்வை பாத்துட்டுத்தான் எந்திரிச்சாக" என்று சொல்லிச் சிரித்தார்கள். ஆசையாகத்தான் சொன்னார்கள். அதை வந்தவர்களில் ஆளுக்கு ஒரு கப் என்ற கணக்கில் ஆறு கப்பில் அச்சடிக்கச் செய்து, பெண் வீட்டார் அன்பளிப்பு என்று போட்டு சிம்மக்கல்லுக்கு அனுப்பினேன். நானே ஆர்டர் கொடுத்தேன், நானே பணமும் கட்டினேன். யாரையும் ஏமாற்றவில்லை.

கல்யாணம் நின்றது. ஜெய்சனின் அம்மா ஆறு கப்பையும் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு, "எங்களுக்குத் தட்டு போதும் டீச்சர், கப்பெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் நன்றாகத்தான் பேச வருகிறது. ஜெனி அந்தப் பையனை மனதார விரும்பினாள். அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவள் சுவரில் சாய்ந்து அழுததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் ஒரு காது அத்தை பக்கம்தான் இருந்தது. வருடம் முழுக்கத் தாங்கும் கோபம் இப்போது வரப்போகிறது என்று நினைத்தேன்.

வரவில்லை. அத்தை ஒரு கப்பைத் திருப்பிப் பார்த்தார்கள். அடியில் கடைப் பெயர் இருந்தது. ஜெனி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் அந்தக் கடையைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். முதலில் அத்தைக்குப் புரியவில்லை. "அது பால் பொங்குன அன்னைக்குச் சொன்னது" என்றார்கள். "அது சேல நனைஞ்ச அன்னைக்கு." "அது கண்ணாடியக் காணாத அன்னைக்கு." அதோடு நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"கண்ணாடிய நீதான் எடுத்து வச்சியா?"

"ஆமா அத்தை."

"உப்பும் நீதானா?"

அதற்கும் ஆமாம் என்றேன். கப்பைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை. பஜ்ஜிப் பேச்சு அவர்கள் வாயைவிட்டு என் காதுக்கு மட்டும்தான் வந்தது, கேட்க என்ன இருக்கிறது. கையிலிருந்த கப்பைக் கீழே வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்கள்: "ஒரு வார்த்த கேட்டிருந்தா, சிரிச்சுக்கிட்டே சொல்லியிருப்பேனே தாயி."

அழுதேன், நடிப்பில்லை. கடையை மூடிவிடுவதாக ஜினோ தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது, அத்தை யாரோடும் பேசுவதில்லை. நடந்த எல்லாவற்றுக்கும் மனம் வருந்தி மனஸ்தாபப்படுகிறேன்.

அத்தை கடைசியாகச் சொன்னதை நான் இன்னும் கடையில் ஏற்றவில்லை. கப்பில் இரண்டு வரியாகப் பிரித்தால் அழகாக அமைகிறது. எழுத்து கறுப்பா சிவப்பா என்பதில்தான் இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.