நெவேனாவின் தலையசைப்பு

தயிரில் சர்க்கரை போட்டுச் சாப்பிடுகிறவர்களை நான் முழுதாக நம்புவதில்லை, மேடம். நெவேனா மூன்று கரண்டி போடுவாள். பல்கேரியாவில் பிறந்து வளர்ந்தவள், அதுவும் தயிர்க் கிருமிகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறவள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ப்ளோவ்திவ் நகரத்தில் என் ஆய்வகத்தில் நான்கு வருடம் இருந்தாள். காட்டுச் செடியின் குச்சி ஒன்றிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தாள். அதைக் கலந்தால் ஆறிக் குளிர்ந்த பால்கூட உறைந்துவிடும். நல்ல கண்டுபிடிப்பு, மறுக்கமாட்டேன். ஒரு ஜெர்மன் கம்பெனி காப்புரிமைக்கு ஏற்பாடு செய்ய முன்வந்தது. உரிமை யார் பெயரில் என்பதுதான் பேச்சு. எங்கள் பல்கலைக்கழக விதிப்படி மாணவர் கண்டுபிடித்தது மாணவருக்கே. அவராக மனமுவந்து கொடுத்தால்தான் ஆசிரியருக்கு.

படிவத்தை அவள் முன் வைத்தேன்.

"இது என்னோடது, புரபசர். நான் என்ன, இங்க சம்பளத்துக்கா இருக்கேன்?"

"மேஜை யாரோடது? ஃபிரிட்ஜ் யாரோடது?"

"அப்ப ஃபிரிட்ஜுக்குக் காப்புரிமை வாங்கிக்குங்க."

நானும் சிரித்துவைத்தேன். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அதன் பிறகுதான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். நோட்டுப் புத்தகத்தைப் பையை விட்டு வெளியே எடுக்கமாட்டாள். நான் உள்ளே வந்தால் கணினித் திரை அணையும். கிருமிக் குப்பிகளின் பெயர்களை அழித்து எனக்குப் புரியாத எண்களை எழுதினாள். சொந்த ஆசிரியரை ஒரு மாணவி இப்படிச் சந்தேகிக்கலாமா? எனக்கு மனசே விட்டுப்போயிற்று. வேறு எங்கோ விற்கப்போகிறாள் என்று உறுதியாகத் தோன்றியது.

மார்ச் மாதம் பின்னறையில் நச்சு வாயு கசிந்தது. அவள் தொண்டை வெந்துபோயிற்று. கதவுக் கண்ணாடியைக் குத்தி உடைத்ததில் இரண்டு கைகளும் கிழிந்தன. மருத்துவமனையில் கழுத்தில் குழாய், கைகளில் கட்டு. நான் தினமும் போய்ப் பார்த்தேன்.

ஜெர்மன் வக்கீல் வந்தபோது படுக்கையருகே மொழிபெயர்க்க நின்றதும் நான்தான். கையெழுத்துப் போட முடியாதவரின் சம்மதத்தைக் காமிராவில் பதிவு செய்தால் போதும் என்றார். கண்டுபிடிப்பைப் பேராசிரியருக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார். ஒரு சொல் மாற்றாமல் பல்கேரிய மொழியில் அவளிடம் சொன்னேன்.

நம் பல்கேரிய வழக்கம் உங்களுக்குத் தெரியும். சரி என்றால் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். முடியாது என்றால் மேலும் கீழும், கூடவே நாக்கால் ஒரு 'ச்சு'. நெவேனா மேலும் கீழும் ஆட்டினாள். குழாய் இருந்ததால் 'ச்சு' வரவில்லை. வக்கீல் 'சம்மதம்' என்று எழுதிக்கொண்டார். அவள் இன்னும் வேகமாக ஆட்டினாள், கண்ணீர் காது வரை வழிந்தது.

"பாவம், சந்தோஷத்துல அழறாங்க," என்றார் என்னிடம்.

"தங்கமான பொண்ணு சார்," என்றேன்.

கேள்வியை மொழிபெயர்க்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். தலையை மொழிபெயர்க்க யாரும் கேட்கவில்லை.

கை ஆறியதும் அவள் முதலில் எழுதியது என் மேல் புகார். அதில் இந்தத் தலையசைப்பு மட்டும்தான் இருக்கிறது. விசாரிக்க வந்த நீங்கள்தான் கதவைப் பற்றிக் கேட்கிறீர்கள். சரி, சொல்கிறேன். வாயுவைத் திறந்துவிட்டு, அவள் உள்ளே இருக்க வெளியிலிருந்து பூட்டியது நான். அவள் பையைத் துழாவி நோட்டைப் படமெடுத்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ஆனால் கதவைத் திறந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்தான், மேடம். உயிரைக் காப்பாற்றியவன் மேலேயே புகார் கொடுத்திருக்கிறாள், பாருங்கள்.