ரெக்கார்டுல இருக்கிற மாதிரியே

என் குறிப்பில் “சனிக்கிழமை மாலை, மரக்காணம், புதுச்சேரி பஸ்” என்று மட்டும் இருக்கிறது. தேதி எழுதத் தவறியிருக்கிறேன். முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் மடியில் டிரம்பெட் பெட்டி.

“செத்துப்போன டிரம்பெட்காரர காப்பி அடிக்க நான் எதுக்கு? ரெக்கார்டையே போட்டுக்கட்டும்” என்றார் அவர்.

“ஜாஸ் ரெக்கார்டு குடுத்து, அதுல டிரம்பெட் தனியா வர்ற சோலோவ அப்படியே வாசின்னுதானே கெஸ்ட் ஹவுஸ்காரரு சொன்னாரு? இல்லன்னா வேற ஆள வச்சுக்குவாராம். வாரா வாரம் வர்ற வேலைங்க.”

“அந்த சோலோன்னா எனக்கும் உசுருதான். ஆனா அதே பாட்ட அவரே இன்னொரு ரெக்கார்டுல வேற மாதிரி வாசிச்சிருக்காரு. அவரே திருப்பி வாசிக்கல, நான் வாசிக்கணுமா?”

“அந்த இன்னொண்ண நான் கேட்டதே இல்லயே.”

“என்கிட்ட இல்ல.”

“சாவு வீட்டுல இழுக்கற மாதிரி அங்க இழுக்காதீங்க.”

“அங்கதான்டி கத்துக்கிட்டேன். புள்ள சென்னையிலேர்ந்து வர்ற வரைக்கும் பொணத்த எடுக்க மாட்டாங்க. அதுவரைக்கும் ஒரே பாட்டு. சுத்துக்கு சுத்து மாத்தாம எப்படி வாசிக்கறது?”

பஸ் உப்பளங்களைத் தாண்டியது.

“மொதல் சுத்து ரெக்கார்டுல அவரு வாசிச்சது. அடுத்தது என்னுது” என்றார் அவர்.

குயிலாப்பாளையத்துக்கு இறங்கும் நிறுத்தம் வந்தது. அந்த அம்மாள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார்.

“இன்னிக்கு நானும் உள்ள வந்து முன்னாடியே உக்கார்றேன். வேணாம்னு சொல்றதா இருந்தா, அந்த கெஸ்ட் ஹவுஸ்காரரு எம்மூஞ்சியப் பாத்து சொல்லட்டும்.”

கணவர் சொன்ன அந்த இன்னொரு ரெக்கார்டு உண்மையில் இருக்கிறதா என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.