பூவுக்கு ஏது பாக்கெட்

வெயிலில் வைத்தால் கேக் இளகிவிடும், ஐயா. மேசையை வேலியோரம் போட்டதற்குக் காரணம் அதுதான். பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் கொல்லைப்புறத்தில் நிழல் விழுவது அங்கே மட்டும்தான். நீங்களே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு வாண்டுவுக்கு ஏழாவது பிறந்தநாள். என் தங்கையின் மகள். அவளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது என் கையில் கொடுத்துவிட்டுத் தங்கை வெளியூருக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். "ஆறு மாசம் பாத்துக்கோக்கா, கொஞ்சம் காலூன்றினதும் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள். அந்த ஆறு மாதம் ஐந்தரை வருடமாக நீண்டது. பால் பல் விழுந்தது, எழுத்துக்கூட்டிப் படித்தது, காய்ச்சலில் பிதற்றியது எல்லாம் என் வீட்டில்தான். தங்கையைக் குறை சொல்லவில்லை. லீவு கிடைத்தபோதெல்லாம் ஓடி வந்தாள்.

போன மாதம் போனில் சொன்னாள். "அக்கா, வீடு பாத்துட்டேன். ஸ்கூல்லயும் இடம் கெடச்சிருச்சு. பொறந்தநாளைக்கு மறுநாள் வாண்டுவ கூட்டிட்டுப் போறேன்."

"நல்ல விஷயம்தானே" என்றேன். போனை வைத்துவிட்டு, சமையலறைப் பாத்திரங்களை எல்லாம் இறக்கிக் கழுவித் துடைத்து மறுபடி அடுக்கினேன். அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. மடித்த துணியை உதறி மடிப்பேன், பூட்டிய கதவைத் திறந்து பூட்டுவேன். "கால்ல சக்கரம் கட்டியிருக்கியா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார்.

நான் தையல்காரி. விழாவுக்குக் காடு என்று தீம் வைத்தேன். வருகிறவர்கள் எல்லோரும் காட்டில் இருக்கும் ஏதாவது ஒன்றாக வர வேண்டும். உடுப்பை எல்லாம் நானே தைத்தேன். வீட்டுக்காரர் கரடி, எதிர்வீட்டு டீச்சர் ஆந்தை, வாண்டு முயல். தங்கைக்குப் பூ. மஞ்சள் துணியில் இதழ் இதழாக வெட்டி, நாலு நாள் உட்கார்ந்து தைத்த வேலை அது.

போட்டுப் பார்த்தவள் இரண்டு பக்கமும் தடவினாள். "என்னக்கா, பாக்கெட் வைக்கலையா?"

"பூவுக்கு ஏது பாக்கெட்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

அவளுக்குக் குளவி கொட்டினால் ஆகாது. பத்து வயதில் ஒருமுறை கொட்டி, முகம் வீங்கி, மூச்சு அடைத்துவிட்டது. நான்தான் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அப்போதிருந்து ஒரு ஊசியைக் கூடவே வைத்திருப்பாள். கொட்டினால் உடனே தொடையில் தானே குத்திக்கொள்ள வேண்டும். பாக்கெட் இருந்தால் அதில் இருக்கும், இல்லாவிட்டால் கைப்பையில்.

வேலிக்குள் குளவிக்கூடு இருந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். இரண்டு வாரம் முன்பே தோட்டக்காரர் காட்டினார். "கலைச்சிடட்டுமாம்மா? பிள்ளைங்க வர்ற எடம்" என்றார். விழா முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். குழந்தைகளுக்கான ஊஞ்சலையும் விளையாட்டையும் மறுகோடியில் வைத்தேன். அந்தப் பொறுப்புகூட இல்லாதவள் அல்ல நான்.

வந்தவர்களின் பைகளையும் போன்களையும் வாங்கி என் படுக்கையறையில் வைத்துப் பூட்டினேன். காட்டுக்குள் போன் அடித்தால் விளையாட்டே கெட்டுவிடும் என்றேன். தங்கை மட்டும் தயங்கினாள். "ஊசி அதுலதான்க்கா இருக்கு."

"சாவி என் இடுப்புலதான இருக்கு. ரெண்டு எட்டுல எடுத்துடலாம்."

பிறகு அவளை வேலியோர மேசையில் எல்லோருக்கும் ஜூஸ் ஊற்றித் தரச் சொன்னேன். ஜாடிகளுக்கு மூடி போடவில்லை. நான் கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். தட்டுகளை எண்ணினேன், காகித இலைகளை நிமிர்த்தினேன், நேராக இருந்த நாற்காலிகளை நேராக்கினேன். மூன்றரை மணி வாக்கில் "அக்கா" என்று குரல் கேட்டது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் அல்லவா, பதறவில்லை.

"கொட்டிருச்சுக்கா. பைய எடு."

ஓடினேன். நான் ஓடியதை எல்லோரும் பார்த்தார்கள். அறைக்குள் போய்த் தாழிட்டேன். கட்டிலில் பைகள் வரிசையாக இருந்தன. மூன்றாவதாக இருந்த பழுப்புப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் என் கை சும்மா இருந்தது.

வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "கெடச்சுதா?"

"தேடறேன்" என்றேன்.

பத்து நிமிடம் என்கிறீர்கள். இருக்கலாம். வெளியே சத்தம் அடங்கியதும் பையை எடுத்துக்கொண்டு அலறியபடி ஓடினேன்.

அதற்கு முன்னால் ஜன்னலில் வாண்டு வந்து நின்றாள். முயல் காதுகளில் ஒன்று மடிந்து தொங்கியது. "பெரியம்மா, நீங்க மடியில வச்சிருக்கறதுதான் அம்மா பை" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள், பாவம். நான் உதட்டில் விரல் வைத்து, எழுந்து திரையை இழுத்துவிட்டேன்.

அதை அவள் உங்களிடம் சொல்லிவிட்டதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் அது நடந்ததுதான். அவள் பொய் சொல்ல மாட்டாள், நான் அப்படி வளர்க்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். என் தங்கையைக் கொன்றது நான்தான். கூட்டைக் கலைக்க விடாததிலிருந்து கதவைத் தாழிட்டதுவரை எல்லாம் யோசித்துச் செய்ததுதான்.

வாண்டு என் முகத்தைப் பார்க்கவே பயப்படுகிறாள் என்றும் சொன்னீர்கள். அம்மா போன துக்கம், வேறொன்றும் இல்லை. இரண்டு நாளில் சரியாகிவிடும். எழுதி முடித்ததும் அவளை இங்கே அனுப்பிவையுங்கள், ஐயா. நான் ஊட்டாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.