தேரை விழுந்த பிள்ளை

தவளையைத் தூக்கும் முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும், சார். காய்ந்த கை பட்டால் அதன் தோல் எரியும். பத்தொன்பது வருஷமாகக் கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளனாக இருக்கிறேன். ஒரு தவளையையும் நோகவிட்டதில்லை.

அங்கே ஹேமாவதி மேடம் ஆராய்ச்சி செய்கிறார். தவளைத் தோலில் ஊறும் நீரை எடுத்து, எந்த மருந்துக்கும் சாகாத கிருமிகள் மேல் விடுவார். மறுநாள் கிருமி செத்துக் கிடக்கும். என் மகள் கயலுக்கு ஆறு வயது. அவள் ரத்தத்தில் இருந்ததும் அதே கிருமிதான். ஆஸ்பத்திரியில் எல்லா ஊசியும் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள்.

மேடம் காலில் விழுந்தேன்.

"இது மனுஷங்களுக்கு வர இன்னும் பத்து வருஷம் ஆகும், சுருளியாண்டிண்ணே. இதுல விஷமும் சேந்துதான் இருக்கு. எவ்வளவு தாங்கும்னு தெரியாமக் குடுக்கவே கூடாது," என்றார்.

நியாயமான பேச்சு. ஆனால் கயலுக்குப் பத்து நாள்கூட இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. அளவு தெரிந்தால் போதும் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மூக்கம்மாள் வந்தாள். அவள் மகள் திரிஷா எவ்வளவு தின்றாலும் எலும்பும் தோலுமாக இருந்தாள். தேரையின் பார்வை பட்ட பிள்ளை அப்படித்தான் வற்றும் என்று எங்கள் ஊர் தேவாரம் பக்கம் நம்புவார்கள்.

"புள்ளைக்குத் தேரை விழுந்திருச்சுன்னு சொல்றாகண்ணே. நீங்க தெனமும் அதுகளோட பொழங்குறவுக. ஒங்களுக்குத் தெரியாததா? ஏதாச்சும் பாத்து விடுங்கண்ணே," என்று அழுதாள்.

எரிச்சலாக வந்தது. வயிற்றுப்பூச்சிக்கு மருந்து வாங்கிக் கொடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திரிஷா என் மடியில் ஏறிவிட்டாள். தூக்கிப் பார்த்தேன். கயலின் எடைதான் இருந்தாள்.

"நாளைக்குக் கூட்டிட்டு வா, ஆத்தா. எறக்கிருவோம்," என்றேன்.

ஆராய்ச்சியில் மாதிரி உயிரி என்று ஒரு சொல் உண்டு, சார். மனிதனுக்கு முன்னால் மருந்தைத் தாங்கிப் பார்க்கிற உயிர். மற்ற ஆய்வகங்களில் அது எலி.

முதல் நாள் திரிஷாவுக்குப் பாலில் அந்தத் தவளை நீர் ஒரு சொட்டு. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள், "கசக்குது மாமா," என்றாள். சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அளவைக் கூட்டினேன். மத்தியானம் அவளுக்குக் கைகால் வெட்டி இழுத்தது.

"தேரை எறங்குதாண்ணே?" என்று மூக்கம்மாள் கேட்டாள்.

"ஆமா," என்றேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிஷத்தில் அவள் மூச்சு அடங்கிவிட்டது.

கயலும் மறுநாள் போய்விட்டாள். எப்படியும் சாகப்போகிற பிள்ளைதானே, அவளுக்கே கொடுத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நீங்களும் பிள்ளை பெற்றவர்தானே, சார். பெற்ற பிள்ளையை வைத்து யாராவது சோதனை செய்து பார்ப்பார்களா?