பதினேழாம் வழியின் கடைசி இருபது அடி

நாத்தனார்: நாற்பத்தொண்ணை அடிச்சுட்டு நாற்பதுன்னு போடுங்க அண்ணி.

அண்ணி: எதை?

நாத்தனார்: பின்னட்டையில. "இந்நூலாசிரியர், இதன்கண் விவரிக்கப்பெற்ற எழுபத்து மூன்று பாறை வழிகளுள் நாற்பத்தொன்றினை முதன்முதலாக ஏறியவர்." அது தப்பு.

அண்ணி: நாலு பதிப்புல தப்பா இல்லாதது அஞ்சாவதுல தப்பாயிடுச்சா? நாலு மணிக்கு அச்சகத்துக்காரர் வந்து புரூஃபைக் கேட்டு நிப்பாரு. இப்பவே மூணேகால்.

நாத்தனார்: அதான் சொல்றேன். இது அச்சாயிட்டா அடுத்த பதிப்புக்குப் பத்து வருஷம் ஆகும். அதுக்குள்ள நான் இருப்பேனோ என்னமோ.

அண்ணி: ஆரம்பிச்சுட்டியா... காலையில மாடிப்படியை ரெண்டு ரெண்டா தாண்டிப் போனது யாராம்?

நாத்தனார்: பேச்சை மாத்தாதீங்க. பதினேழாம் வழியை முதல்ல ஏறினது நான் இல்லை.

அண்ணி: இரு, கண்ணாடியில ஒரே தூசி.

நாத்தனார்: என்ன, ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறீங்க?

அண்ணி: கண்ணாடியைத் துடைச்சுட்டிருக்கேன். நீ சொல்லு.

நாத்தனார்: கூர்மூக்குப் பாறை. முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. அன்னிக்கு நீங்க வரலை, கீழே அண்ணன்தான் கயிறு பிடிச்சுட்டிருந்தான். உச்சிக்கு இருபது அடி கீழே ஒரு விளிம்பு வரும். அது வரைக்கும் சுலபமா போயிட்டேன். அதுக்கு மேலே... கை வரலை.

அண்ணி: கை வரலைன்னா?

நாத்தனார்: பயம். வேற என்னன்னு சொல்ல? பாறையில பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு அரை மணி நேரம் நின்னேன். நடுவுல பாறை புடைச்சிருக்கும், கீழேருந்து என்னைத் தெரியாது. கயித்தை அவிழ்த்துட்டு, இடப்பக்கமா நகர்ந்து, புதருக்குள்ள பூந்து, பின்பக்க ஜீப் பாதையில நடந்து உச்சிக்குப் போனேன். மேலேருந்து கையை ஆட்டினேன். அண்ணன் விசிலடிச்சான்.

அண்ணி: இறங்கி வந்து சொல்லியிருக்கலாமே.

நாத்தனார்: சொல்லத்தான் வந்தேன். வாயைத் திறக்க விட்டாத்தானே? "மலையேற்றக் கழகத்துக்காரங்க மூஞ்சியில கரியைப் பூசிட்டே"ன்னு ஒரே குதி. பொம்பளைக்குக் கயிறு தர மாட்டோம்னு சொன்ன கழகம் அது.

அண்ணி: நீ என் கொடிக்கயித்தைத் திருடிப் பழகினே. நான் ஈரத்துணியை எங்கே போடறதுன்னு தெரியாம நின்னேன்.

நாத்தனார்: அதை இன்னும் மறக்கலையா! சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். மறுநாள் அவன் காலை ஒடிச்சுக்கிட்டு வந்தான்.

அண்ணி: பாறையில விழாத மனுஷன் சைக்கிள்ல விழுந்தாரு. அந்த வெட்கக்கேட்டை ஏன் கேக்கறே.

நாத்தனார்: அடுத்த வாரம் நான் பனிமலைக்குக் கிளம்பிட்டேன். டைப் அடிக்கச் சொல்லி நோட்டை உங்ககிட்ட கொடுத்தேன். பதினேழுல அந்த விளிம்போட நிறுத்தியிருந்தேன். மீதியை வந்து எழுதறேன்னேன். ரெண்டு மாசம் கழிச்சு வந்தா புத்தகமே அச்சாயிடுச்சு. கடைசி இருபது அடியும் பிடி பிடியா எழுதியிருக்கு.

அண்ணி: நல்லாத்தானே இருந்துச்சு?

நாத்தனார்: நல்லாத்தான் இருந்துச்சு. அதுதான் என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு. அண்ணன் விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டு, தானே போய் ஏறிப் பார்த்து எழுதிட்டான்னு நினைச்சேன். கேக்கத் துணிச்சல் வரலை. அவனும் போய்ச் சேர்ந்துட்டான். பதினேழுக்கு நேரா அவன் பேரைப் போடுங்க. எனக்கு நாற்பது போதும்.

அண்ணி: அதெல்லாம் வேண்டாம்.

நாத்தனார்: ஏன், உங்க வீட்டுக்காரர் பேரு உங்களுக்கே கசக்குதா?

அண்ணி: அவரு ஏறலை.

நாத்தனார்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

அண்ணி: புத்தகம் அச்சுக்குப் போனப்போ அவரு இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு போட்டு உக்காந்திருந்தாரு.

நாத்தனார்: அப்போ... யாரு?

அண்ணி: நூத்துப் பன்னெண்டாம் பக்கத்தை எடு. கடைசிப் பத்தியைச் சத்தமா படி.

நாத்தனார்: இதோ... "விளிம்பிற்கு மேலே வலப்புறம் ஒரு பிடி தென்படும். உயரம் குறைந்தோர்க்கு அஃது எட்டாது. அன்னோர் இடப்புற வெடிப்பில் கால்நுனியைச் செருகி, ஒரு சாண் உயர்ந்து, பின்னர் அதனைப் பற்றுக."

அண்ணி: நீ எவ்வளவு உயரம்?

நாத்தனார்: அஞ்சடி ஒன்பது அங்குலம்.

அண்ணி: உங்க அண்ணன்?

நாத்தனார்: ஆறடிக்கு மேலே.

அண்ணி: எட்டாத பிடியைப் பத்தி அந்த ஒட்டகச்சிவிங்கிக்கு என்ன தெரியும்? அவரு கையைத் தூக்கினா முழங்கை இடிக்கும் அங்கே.

நாத்தனார்: இந்த வீட்டுல அலமாரி மேல்தட்டுக்கு நாற்காலி போட்டு ஏறறது...

அண்ணி: சொல்லு, சொல்லு.

நாத்தனார்: அண்ணி!

அண்ணி: கத்தாதே. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

நாத்தனார்: நீங்களா? உங்களுக்கு எங்கே ஏறத் தெரியும்?

அண்ணி: ஞாயித்துக்கிழமை தவறாம உங்க ரெண்டு பேருக்கும் கயிறு பிடிச்சது யாரு? சாப்பிட்டுட்டு அண்ணனும் தங்கையும் நிழல்ல குறட்டை விடுவீங்களே, அந்த ஒரு மணி நேரமும் நான் உங்க கூடைக்குக் காவலா இருந்தேன்னா நினைச்சே?

நாத்தனார்: அடிப்பாவி... ஐயோ, மன்னிச்சுக்குங்க அண்ணி.

அண்ணி: பரவாயில்லை. நீ எந்த வழிக்கும் கையைக் கழுவறதுக்கு முன்னாடி நோட்டை எழுதி முடிச்சுடுவே. பதினேழு மட்டும் பாதியில நின்னுச்சு. ஏதோ நடந்திருக்குன்னு அவர்கிட்ட சொன்னேன். தவறா எழுதின வழியில நாளைக்கு எவனாவது ஏறி விழுந்தா நம்ம தலையிலதான் விடியும்னாரு. ஜீப் வெச்சுப் பின்பக்கமா உச்சிக்குப் போனோம். அவரு மரத்துல தன்னைக் கட்டிக்கிட்டு, மாவுக்கட்டுக் காலை நீட்டி உக்காந்து என்னைக் கயித்துல இறக்கினாரு. விளிம்புல நின்னு மேலே ஏறினேன். உன் நடையிலேயே எழுதினேன். "பற்றுக"ன்னு போடறதுக்குள்ள எனக்கே சிரிப்பு.

நாத்தனார்: ஏன் என்கிட்ட சொல்லவே இல்லை?

அண்ணி: எப்போ சொல்றது? ரெண்டு கால்விரலைப் பனிக்குக் கொடுத்துட்டு ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்தே. புத்தகத்தை நெஞ்சு மேலே வெச்சுக்கிட்டு அழுதே. சந்தோஷத்துல அழறேன்னு நாங்க நினைச்சோம்.

நாத்தனார்: அந்தப் பத்தியைப் பார்த்துட்டுத்தான் அழுதேன்.

அண்ணி: அது இப்போதானே தெரியுது.

நாத்தனார்: சரி, பேனாவைக் கொடுங்க. உங்க பேரைப் போட்டுடறேன்... இருங்க, இருங்க. முடியாதே.

அண்ணி: ஏனாம்?

நாத்தனார்: மேலேருந்து கயிறு கட்டி இறங்கி ஏறினா அது முதல் ஏற்றத்துல சேராது. முன்னுரையில நானே எழுதியிருக்கேன். அந்த விதிக்காக எத்தனை பேரைச் சேர்க்காம விட்டிருக்கேன், எத்தனை பேர் இன்னும் என்னோட பேசாம இருக்காங்க. அண்ணிங்கறதுக்காக மாத்தினா என்னைக் காறித் துப்புவாங்க. என் பேரையும் அடிச்சுடறேன், யார் பேரும் இல்லாம வெறுமனே விட்டுடலாம். கோவிச்சுக்காதீங்க.

அண்ணி: பேனாவை எடு அங்கேருந்து, அடிக்காதே. அந்த முன்னுரையை நீ பனிமலை அடிவாரத்துலேருந்து தபால்ல அனுப்பினே. "மேலிருந்து தொங்கும் கயிற்றின் துணையால் ஏறுதல் ஏற்றம் ஆகாது." டைப் அடிச்சது நான்தானே? அடிச்சு முடிச்சதும் அப்படி ஒரு கோவம் வந்துச்சு எனக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை அவரைக் கயிறு பிடிக்கக் கீழே உக்கார வெச்சு, மேலேருந்து எந்தக் கயிறும் இல்லாம, அடியிலேருந்து உச்சி வரைக்கும் ஏறிட்டேன்... ம், எழுது. பேருக்கு முன்னாடி "திருமதி"யெல்லாம் வேண்டாம்.