பேசியே தரையிறக்கிய போர் விமானி

தலைமை தாங்கும் விமானப் பயிற்சிக்கூட முதல்வர் அவர்களே! முறுக்கு மீசையோடு முன்வரிசையை மிரட்டும் ஓய்வுபெற்ற விமானிப் பெரியோர்களே! மடியில் பிள்ளையையும் மனத்தில் பொறுமையையும் வைத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நீங்கள் திறந்துவைத்த படத்தில் இருப்பவர் என் பாட்டியின் அண்ணன். ஊருக்கு அவர் போர் விமானி. வீட்டுக்கோ வாயாடி மாமா! பேசினார், பேசினார், பல் துலக்கும்போதும் பேசினார். சிரிக்காதீர்கள் ஐயா, உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒருவரிடம் மட்டும் பேச்சை நிறுத்தினார். யாரிடம்? உடன் பறந்த உயிர்த்தோழனிடம்! ஏன்? அவன் தம் தங்கையை விரும்புகிறான் என்று தெரிந்துவிட்டது. தங்கையும் அவனை விரும்பியதில் கோபம் இரட்டிப்பானது. சாப்பாட்டு மேசையில்கூட முதுகைக் காட்டித்தான் உட்காருவாராம்.

வந்தது போர்! வானில் வளைத்தது பகை! தோழனின் விமானத்தில் குண்டு பாய்ந்தது. எஞ்சின் எண்ணெய் பீறிட்டு முன்கண்ணாடியை மூடியது. எதிரே எதுவும் தெரியவில்லை. குதிக்கலாமென்றால் மேல்மூடி திறக்கவில்லை. தம் விமானத்தை அவன் பக்கத்தில் கொண்டுவந்த மாமா, ரேடியோவில் வெடித்தார்.

“டேய்! கேக்குதா? மூக்கைத் தூக்காதே! கொஞ்சம் இடது பக்கம்... இடதுன்னேன்டா, தடியா!”

“வேணாம். உனக்கும் பெட்ரோல் இல்ல. நீ போயிடு.”

“வாயை மூடு! நீ செத்தா என் தங்கச்சி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? இறங்குடா மாப்பிள்ளை!”

மாப்பிள்ளை! எதிரிக் குண்டுக்கு நடுவே பெண் கொடுத்த அண்ணனை எங்கேனும் கண்டதுண்டா? என்ன அம்மா, நீங்களும் கண்டதில்லையா? நானும் கண்டதில்லை!

பேசியே திருப்பினார், பேசியே தாழ்த்தினார், பேசியே அவனைத் தரை சேர்த்தார். அவன் சக்கரம் ஓடுபாதையைத் தொட்ட பிறகே தாம் இறங்கத் திரும்பினார். அதற்குள் எரிபொருள் தீர்ந்தது. விமானம் பக்கத்து வயலில் மோதி, அவர் கால் நொறுங்கியது. இனிப் பறக்கவே முடியாது என்றார் மருத்துவர். பறப்பதைத் தவிர வேறொன்றுக்கும் ஆசைப்படாத மனிதர், பெரியோர்களே!

தலைவரே, மணியில் கை வைக்காதீர்கள், முடித்துவிடுகிறேன்.

மருத்துவமனைக் கட்டிலருகே தங்கை தேம்பினாள். “எங்களால நீ பறக்கறதே போச்சேண்ணா!”

அவர் அவள் தலையில் கை வைத்தார். “அட, வானம் போனா போகுது விடு. மாப்பிள்ளை வந்துட்டான்ல!”

அந்த மாப்பிள்ளையின் பேத்தி நான். அன்று அவர் வாய் திறக்காதிருந்தால், இந்த மேடையில் வாய் திறக்க நான் பிறந்திருப்பேனா?

அவரை இந்தச் சுவரில் வாழவைத்த உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்!